குளிர்காலத்தை ஆற்றோடு அனுப்பும் போலந்துப் பிள்ளைகள்

மார்ச் 21 அன்று போலந்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வைக்கோல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். அதற்குத் தீ வைப்பார்கள், தண்ணீரில் வீசுவார்கள். படிக்கவோ வேலைக்கோ அங்கே போயிருக்கும் நீங்கள் இதைப் பார்த்தால் திகைத்துப்போவீர்கள்.

யார் இந்தப் பொம்மை?

பெயர் மஜான்னா. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பு ஸ்லாவியர்கள் (போலந்து, செக், ஸ்லோவாக்கியா முதலிய நாட்டு மக்களின் மூதாதையர்) குளிருக்கும் சாவுக்கும் உரியவளாகக் கருதிய பெண் உரு. செக் நாட்டில் இவளை மொரானா என்பார்கள்.

அவளை ஏன் மூழ்கடிக்க வேண்டும்?

அங்கே குளிர்காலம் மாதக்கணக்கில் நீளும். சேர்த்துவைத்த தானியம் கரையும், நோய் பெருகும். நிலம் இளகினால்தான் உழவு. மஜான்னா போனால்தான் வசந்தம் வரும் என்று நம்பினார்கள்.

எப்படிச் செய்வார்கள்?

வைக்கோலைக் கட்டிப் பெண் உருவாக்கி, பழைய துணி உடுத்தி, மணிமாலையும் ரிப்பனும் சூட்டுவார்கள். வீடுவீடாகச் சுற்றியபின் ஆற்றில் விடுவார்கள். திரும்பும்போது பூவும் ரிப்பனும் கட்டிய பச்சைக் கிளையோடு ஊருக்குள் வருவது சில பகுதிகளின் வழக்கம். அந்தக் கிளைதான் வசந்தம்.

தேவாலயம் தடுக்கவில்லையா?

தடுத்தது. போலந்து ஆட்சியாளர் முதலாம் மியெஷ்கோ 966இல் ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1420இல் போஸ்னான் நகரில் கூடிய ஆயர் மன்றம் (குருமார் சபை) இந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. மக்கள் விடவில்லை. தவக்காலத்தின் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) நான்காம் ஞாயிறன்று செய்துவந்தார்கள். மார்ச் 21 என்பது இருபதாம் நூற்றாண்டில் நிலைத்தது.

இன்று யாராவது வணங்குகிறார்களா?

பழைய ஸ்லாவிய வழிபாட்டை மீட்டெடுத்த சிறு குழுக்கள் இதைச் சமயச் சடங்காகவே செய்கின்றன. மற்ற பெரும்பாலோருக்கு இது வசந்த விழா. அதனால் உங்கள் பிள்ளையைப் பள்ளியில் அழைத்தால் மதம் குறுக்கிடுமோ என்று தயங்க வேண்டாம்.

போனால் என்ன கவனிக்க வேண்டும்?

தண்ணீரில் விட்ட பொம்மையைத் தொடாதீர்கள். தொட்ட கை வாடிவிடும் என்பது பழைய நம்பிக்கை. திரும்பி நடக்கையில் பின்னால் பார்க்காதீர்கள். பார்த்தால் நோய் வரும் என்பார்கள். நம்பாவிட்டாலும், கூட வருகிறவர்களுக்காக இதைக் கடைப்பிடிப்பது மரியாதை.

மார்ச்சிலும் அங்கே பனி பெய்யும். கரை வழுக்கும், தண்ணீர் உறையவைக்கும். வழுக்காத காலணி போடுங்கள், சிறு பிள்ளையின் கையை விடாதீர்கள். தீ வைப்பதைப் பெரியவர்களே செய்யட்டும்.

பொம்மை செய்யும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் வைக்கோல், பருத்தித்துணி, காகிதம் போதும். பிளாஸ்டிக் மணியும் நைலான் ரிப்பனும் ஆற்றில் மட்காது. பொம்மையில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால், சடங்கு முடிந்ததும் கரைக்கு இழுத்துவிடலாம். குளிர்காலம் போகட்டும், குப்பை ஆற்றில் தங்க வேண்டாம்.