வீட்டைவிட்டுப் போனவர்கள் – 7: இரண்டு ரூபாயும் ஒரு கடிதமும்

சென்ற வாரம் பார்த்த ஆர்.கே. நாராயணின் சுவாமிநாதன், பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஓடி, காட்டுப் பாதையில் வழி தவறி, கடைசியில் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். இந்த வாரம் வீடு திரும்பாத இரண்டு பேர். ஒருவன் நாவலில் வருகிறவன். மற்றவர் வாழ்ந்தவர். இருவரையும் சேர்த்து வைத்த ஊர் திருவண்ணாமலை.

1938இல் இந்தியா வந்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போனார். போன இடத்தில் மயங்கி விழுந்தார். ஆசிரமத்திலேயே தங்கியிருந்த சாட்விக் என்ற ஆங்கிலேயரின் அறையில் அவர் இளைப்பாற, ரமண மகரிஷி அங்கே வந்து உட்கார்ந்தார். பேச்சு அதிகம் இல்லை. அந்த மயக்கத்தைச் சமாதி நிலை என்று பிறகு சிலர் பெரிதாக்கினார்கள். மாம் அதை ஏற்கவில்லை, வெறும் மயக்கம்தான் என்று எழுதினார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது அந்த நேர்மையால்தான்.

ஆறு ஆண்டு கழித்து, 1944இல் அவருடைய ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவல் வந்தது. கடோபநிஷத்திலிருந்து எடுத்த தலைப்பு. நாவலில் ஆசிரமம் திருவிதாங்கூரில் இருக்கிறது, குருவின் பெயர் ஸ்ரீ கணேசா. ஆனாலும் அந்தக் குருவின் சாயல் யாருடையது என்பதில் வாசகர்களுக்கு ஐயம் இருந்ததில்லை.

கதாநாயகன் லாரி டாரல், முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவன். அவனைக் காப்பாற்றப்போய் நண்பன் செத்துப்போகிறான். சிகாகோ திரும்பியவனுக்குப் பங்குத் தரகு நிறுவனத்தில் வேலை காத்திருக்கிறது, நிச்சயித்த பெண் இசபெல் காத்திருக்கிறாள். வேலை வேண்டாம் என்கிறான். பின்னே என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் அவனிடம் ஒழுங்கான பதில் இல்லை. பாரிஸ் போகிறான், படிக்கிறான், நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை பார்க்கிறான், இந்தியா வருகிறான். இசபெல் வேறொருவனை மணந்துகொள்கிறாள். கடைசியில் கையிலிருக்கும் பணத்தையும் விட்டுவிட்டு, நியூயார்க்கில் டாக்சி ஓட்டலாம் என்று லாரி கிளம்புகிறான்.

இருபது வயதில் இந்த நாவலைப் படிக்கிற யாருக்கும் லாரியைப் பிடித்துவிடும். ஊரார் காட்டும் வழியில் கால் வைக்க முடியாத ஒருவனின் தவிப்பை மாம் அவ்வளவு நுட்பமாகப் பிடித்திருக்கிறார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் தனக்கு வேலையைச் சுலபமாக்கிக்கொண்டார் என்பது என் எண்ணம். லாரிக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. உட்கார்ந்து சாப்பிடுமளவுக்கு வருமானம் உண்டு. அவனைத் தடுக்க இருப்பவர்கள் விருந்துகளிலும் சட்டைத் துணியிலும் கருத்தாக இருக்கிற மனிதர்கள். அவர்களை விட்டுப் போவதில் என்ன வலி?

மாமுக்குத் தூண்டுதலாக இருந்த ரமண மகரிஷியின் கதையில் அந்த வலி இருக்கிறது.

திருச்சுழியில் வக்கீலாக இருந்த சுந்தரமய்யர் 1892இல் இறந்தபோது குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பையன்கள் நாகசாமியும், பிற்காலத்தில் ரமணரான வேங்கடராமனும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். விதவைத் தாய் அழகம்மாள், சிறு பிள்ளைகளோடு மானாமதுரையில். பையன்கள் இங்கிலீஷ் படித்து, ஒரு உத்தியோகத்தில் உட்கார்ந்தால்தான் அந்த வீடு நிமிரும். அதைப் பேராசை என்று யார் சொல்ல முடியும்?

1896 ஜூலையில், 16 வயது வேங்கடராமனுக்கு, தான் சாகப்போவதாகத் திடீரென்று தோன்றி, சாவது உடல்தான், நான் அல்ல என்று உணர்ந்த ஒரு மரண அனுபவம் வந்தது. பிறகு படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. பாடம் படிக்காததற்குத் தண்டனையாக இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். பாதியில் நோட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்கிற பொருளில் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். கடிந்து சொன்னதுதான், போகச் சொல்லவில்லை. பையனுக்கோ அது சரியென்று பட்டது. பள்ளியில் வகுப்பு இருக்கிறது என்று எழுந்தான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன்.

சித்தி சோறு போட்டு ஐந்து ரூபாயையும் கொடுத்தார். மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். நல்ல காரியத்துக்காகத்தான் போகிறேன், தேடிச் செலவழிக்க வேண்டாம் என்பது கடிதத்தின் சாரம். கையெழுத்து இல்லை. ஆனால் அடியில் ஒரு குறிப்பு: உன் சம்பளம் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது. உலகத்தையே உதறிப் போகிற பிள்ளைக்கு அண்ணனின் சம்பளப் பாக்கி நினைவிருக்கிறது. லாரியின் கதை முழுவதிலும் இந்த ஒரு குறிப்புக்கு ஈடான இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

திண்டிவனத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. வழியில் காசு தீர்ந்தது, மாம்பழப்பட்டிலிருந்து நடை. கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கினான். விலாசம் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டான். மீட்க வரப்போவதில்லை. செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை.

தாய் மகனை நேரில் பார்க்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1898 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், நாகசாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் அப்போது பவளக்குன்றில் இருந்தான்: சடை விழுந்த தலை, வளர்ந்த நகம், இடுப்பில் கோவணம். நாள்தோறும் ஏறிவந்து பலகாரம் வைத்தார், கெஞ்சினார், அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. பொறுக்க மாட்டாமல் பக்கத்தில் இருந்த ஒருவர், எழுதியாவது காட்டும்படி கேட்க, அவரவர் விதிப்படி நடப்பது நடக்கும், மௌனமே நல்லது என்ற பொருளில் மகன் எழுதிக் கொடுத்தான். வேதாந்தமாக அது உயர்ந்த பதில். பெற்றவளுக்கு அது பதிலா என்பது வேறு கேள்வி. அழகம்மாள் இறங்கிப் போனார். 1900இல் நாகசாமி இறந்தார்.

1916இல் அந்தத் தாய் மகனோடு இருக்கவே வந்துவிட்டார். சின்ன மகனும் பின்னால் வந்து துறவியாகி, ஆசிரம நிர்வாகத்தை ஏற்றார். அழகம்மாள் மலையில் சமையல் தொடங்கினார்; 1922 மே 19 அன்று இறந்தார். மலையடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. வீட்டைவிட்டு வந்த மகனைத் தேடி வீடு வந்து சேர்ந்ததை எந்த நாவலாசிரியரும் துணிந்து கற்பனை செய்திருக்க மாட்டார்.

அடுத்த வாரம் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’. தகப்பனை விட்டுப் போனவனே தகப்பனாகி, தன் மகன் ஓடிப்போவதைப் பார்த்து நிற்கிற கதை.

(தொடரும்)