துயரத்திற்கு எந்த இசை?

சாதிய வன்முறையில் உறவை இழந்தோரிடம், "அமைதியான இசையைக் கேளுங்கள், தியானம் செய்யுங்கள்" என்று சொல்வோர் உண்டு. அறிவுரையில் பிழையில்லை. மூச்சை நிதானமாக இழுத்து விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. சாட்சிக் கூண்டில் ஏறும் முன் அந்தச் சில நிமிடங்கள் உதவும். ஆனால் எந்த இசை ஆறுதல் தரும் என்பதை யார் முடிவு செய்வது?

காங்கேயம் அடங்கிய இதே திருப்பூர் மாவட்டத்தில், உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று, தலித் மாணவர் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்து படுகாயமுற்ற துணைவி கௌசல்யா ஆதிக்க சாதியில் பிறந்தவர். அவர் பின்னர் கற்றுக்கொண்டது பறை. சாவு வீட்டில் அடித்தே ஆக வேண்டும் என்று சாதி தலித்துகள் மீது சுமத்திய கருவி அது. (அதனாலேயே அதைத் தொட மறுத்தோரும் நம்மிடையே உண்டு, அம்மறுப்பும் நியாயமே.) பறை காதுக்கு மென்மையானதன்று. எனினும் பலரோடு சேர்ந்து அடவு பிசகாமல் அடிக்கையில் கையும் காலும் மூச்சும் ஒரே தாளத்தில் இணைகின்றன. தியானம் கேட்பதும் அந்தக் கவனத்தைத்தான்.

2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்து, ஐவரின் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. இவ்வளவு நீளும் துயரைத் தனியொருவரின் மூச்சுப் பயிற்சியிடம் ஒப்படைத்துவிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(6) பிரிவு, பாதுகாப்பு, பயண மற்றும் பராமரிப்புச் செலவு, சமூகப் பொருளாதார மறுவாழ்வு, இடமாற்றம் ஆகியவற்றைச் சிறப்பு நீதிமன்றம் வழங்க வேண்டும் என்கிறது. மனநலச் சிகிச்சை அப்பட்டியலில் தனியே இல்லை. 'மறுவாழ்வு' என்ற சொல்லுக்குள் அதையும் அடக்கி மனுத் தாக்கல் செய்யலாம் என்பது நம் கருத்து. அதைச் சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே செய்ய வேண்டும்.