பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய பழம்

முக்கனி என்று நம் முன்னோர் வகுத்த மூன்றில் மாவுக்கு முதலிடம் கொடுத்ததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பலாவுக்கும் வாழைக்கும் அவற்றுக்கே உரிய சிறப்புகள் உண்டு என்றாலும், வடுவாகவும் காயாகவும் கனியாகவும் வற்றலாகவும் ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு விதமாக உணவாகி, இலையால் வீட்டு வாசலுக்குத் தோரணமாகி, நிழலால் வழிப்போக்கனுக்கு ஆறுதலாகி நிற்பது மாமரம். காரைக்கால் அம்மையாரின் வரலாறு ஒரு மாங்கனியைச் சுற்றியே அமைந்தது. இன்றும் ஆனி மாதத்தில் அவ்வூரில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. காஞ்சிபுரம் ஏகாம்பரேசுவரர் ஆலயத்தின் ஸ்தல விருட்சமும் மாமரமே. அதன் நான்கு கிளைகளும் நான்கு விதமான ருசியுள்ள கனிகளைத் தந்தன என்பது ஐதிகம்.

நான்கு கிளைக்கு நான்கு ருசி என்ற அந்த ஐதிகத்தை நினைக்கும்போதெல்லாம், இக்காலத்தில் நாம் கடைக்குப் போய், "மாம்பழம் கிலோ என்ன விலை?" என்று கேட்டுவிட்டு, எந்த மாம்பழம் என்று கேளாமலே வாங்கி வருவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியே ஒரு பருவமும், ஒரு வாசனையும், ஒரு பிரதேசமும், உண்ணும் முறையும் உண்டு. அந்தப் பழத்தால் சரீரத்துக்கு விளையும் நன்மைகூட, அது எந்த ரகம், எப்போது பறித்தது, எப்படிப் பழுத்தது என்பவற்றைப் பொறுத்தே அமைகிறது.

தமிழ்நாட்டுச் சந்தைகளில் முதலில் வந்து, பெரும்பாலான வீடுகளில் நிறைவது பங்கனப்பள்ளி. ஆந்திர தேசத்தில் ஒரு காலத்தில் நவாபுகளின் சிறு சமஸ்தானமாக இருந்த பங்கனப்பள்ளி என்ற ஊரின் பெயரையே தாங்கிவரும் இந்தப் பழம், மெல்லிய தோலும், நாரில்லாத சதையும், நீண்ட உருவமும், பழுத்தால் ஒரே சீரான பொன்னிறமும் உடையது. 2017ஆம் ஆண்டில் ஆந்திரத்துக்கு இதன்பொருட்டுப் புவிசார் குறியீடு கிடைத்தது. சித்திரையில் தொடங்கி வைகாசி வரை இதன் ராஜ்யம். இதற்குச் சற்றுப் பின்னால் வருகின்ற மல்கோவாவோ வேறு தன்மையது. உருண்டு திரண்ட கனம், சற்றுத் தடித்த தோல், பழுத்த பின்பும் முற்றிலும் போகாத பச்சை, கத்தி வைத்தவுடன் அறை முழுவதும் பரவும் வாசனை ஆகியவற்றோடு விளங்குவது. சேலத்து மாம்பழம் என்று சொன்னவுடனே நம்மவர் மனத்தில் எழுவது பெரும்பாலும் இந்த மல்கோவாதான். ஆயினும் சேலத்தின் கீர்த்தி அதனோடு நின்றுவிடவில்லை. நடுச்சாலை, குதாதத், செந்தூரா, இமாம்பசந்த் என்று அந்தச் சீமையின் தோப்புகளில் வளரும் ரகங்களில் பல, வெளியூர்க்காரர்களின் காதில்கூட விழாதவை.

இமாம்பசந்தைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பெருமையோடு வளர்க்கும் இந்தப் பழம் தெலுங்கு நாட்டில் ஹிமாயத் என்று வழங்குகிறது. நன்றாகப் பழுத்தும் தோலில் பச்சை மாறாதிருப்பதால், பார்த்த மாத்திரத்தில் காய் என்று எண்ணி ஒதுக்கிவிடுவார்கள், விவரம் அறியாதவர்கள். ஆனால் காம்படியில் மூக்கை வைத்து முகர்ந்தவர்கள் ஒதுக்கமாட்டார்கள். தோலோ காகிதம்போல் மெல்லியது; கொட்டையோ சிறியது; சதையிலே இனிப்போடு மிக லேசான ஒரு புளிப்பும் சேர்ந்திருப்பதால் எத்தனை துண்டு உண்டாலும் திகட்டுவதில்லை. அதிக நாள் தாங்காது, தொலைவுக்குப் பயணம் செய்யாது என்ற இரண்டு குறைகளால்தான் அது இன்னும் ஊரளவில் நிற்கிறது. நம் பழங்களில் முதலாவது எது என்று என்னைக் கேட்டால், அல்போன்சாவின் புகழை முழுக்க மதித்துக்கொண்டே, இமாம்பசந்தின் பெயரைத்தான் சொல்வேன்.

அல்போன்சா என்ற பெயர், கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியத் தளபதி அபோன்சோ டி அல்புகெர்க்கின் நினைவாக இடப்பட்டது. கொங்கணத்தில் ஹாப்பூஸ் என்றும் கன்னட நாட்டில் பாதாமி என்றும் வழங்குவதும் அதுவே. ரத்தினகிரியின் செம்மண்ணும் கடற்காற்றும் அதற்குக் கொடுக்கும் மணத்தை வேறு இடங்களில் விளைந்த அல்போன்சா முழுவதும் பெறுவதில்லை என்பது ருசி கண்டவர்களின் அபிப்பிராயம். மதுரை, திண்டுக்கல் பக்கத்தில் நத்தத்துத் தோப்புகளிலிருந்து வரும் கல்லாமையும் காசாலட்டும் அங்கே சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லாரும் அறிந்த பழங்கள். சென்னையில் அவற்றின் பெயர் சொன்னால் விழிப்பவர் அநேகர். கிருஷ்ணகிரி மாவட்டத்திலோ, கிளிமூக்கு என்று நாம் சொல்லும் பெங்களூராவே ஏக்கர் கணக்கில் பயிராகி, பெரும்பகுதி பழக்கூழாக மாறி ஆலைகளின் வழியே வெளிநாடுகளுக்குப் போகிறது. யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்குக் கறுத்தக் கொழும்பான்மீது உள்ள அபிமானமோ தனி. கடல் கடந்து போனவர்களும் அந்தப் பழத்தின் பருவத்தை மறப்பதில்லை.

இவை எல்லாம் ஓய்ந்த பிறகு, ஆனி, ஆடி மாதங்களில் வந்து சேர்வது நீலம். உருவத்தில் சிறியது, விலையிலும் எளியது. அதன் கொட்டைக்குள் கூன்வண்டு குடியிருப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆயினும் ஆண்டு தவறாமல் காய்க்கும் குணம் நீலத்துக்கு இருப்பதனால், ஒரு வருஷம் காய்த்து ஒரு வருஷம் ஓய்ந்துவிடும் பெருமைக்காரப் பழங்களை அதனோடு கலந்து புதிய ரகங்களை உண்டாக்க விஞ்ஞானிகள் அதையே பெரிதும் நாடினார்கள். வடநாட்டுத் தசேரியையும் நம் நீலத்தையும் சேர்த்து டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் வெளியிட்டவை மல்லிகாவும் ஆம்ரபாலியும். நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியார் மல்கோவாவோடு நீலத்தைச் சேர்த்து உண்டாக்கிய ரகமும் உண்டு. மல்கோவாவின் பெயரோ அதைவிடத் தொலைவு சென்றிருக்கிறது. 1889ஆம் ஆண்டு அமெரிக்க விவசாயத் துறையார் 'மல்கோபா' என்ற பெயரில் நம் தேசத்திலிருந்து வரவழைத்த ஒட்டுக்கன்றுகளின் சந்ததியாக, 1902இல் புளோரிடாவில் ஊன்றிய விதையிலிருந்து 1910இல் காய்த்தது ஹேடன் என்ற பழம். இன்று மேல்நாட்டுக் கடைகளில் சிவந்த கன்னத்தோடு அடுக்கிவைத்திருக்கும் டாமி அட்கின்ஸ் முதலியவை அந்த ஹேடனின் வழிவந்தவை.

விதை ஊன்றினால் தாய்மரத்தின் பழமே கிடைக்கும் என்று எண்ணிக் கொட்டையைப் புதைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஏமாந்தவர்கள் நம்மில் பலர். பெரும்பாலான இந்திய ரகங்களின் கொட்டையில் ஒரே ஒரு கரு இருப்பதாலும், அது வேறொரு மரத்தின் மகரந்தம் கலந்து உண்டானதாலும், முளைக்கும் கன்று தாயைப்போல் இருப்பதில்லை. ஆகையால்தான் ஒட்டுக்கட்டும் வித்தை வேண்டியதாயிற்று. ஒட்டுமாங்கன்றுக்குப் பெயர்போன சந்தூர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய முறையில், தொட்டியில் வளர்ந்த நாட்டு மாங்கன்றைத் தாய்மரத்தின் கிளைக்குப் பக்கத்தில் கொண்டுவைத்து, கன்றின் தண்டிலும் கிளையிலும் இரண்டு அங்குல நீளத்துக்குப் பட்டையையும் மேல்மரத்தையும் கூரிய கத்தியால் சீவி, சீவிய முகங்கள் இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்தும்படி சேர்த்து, நாரால் இறுகக் கட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று மாதங்களில் இரண்டும் ஓருடலாகிவிட்ட பின், கன்றின் தலையையும் கிளையின் அடியையும் அறுத்துவிட்டால், நாட்டு மாவின் வேரில் மல்கோவாவின் உயிர் தழைக்கத் தொடங்கும். நாம் ஒரு மல்கோவாவைத் தின்னும்போது, எத்தனையோ தலைமுறைக்கு முன் யாரோ ஒரு தோட்டக்காரர் ருசிபார்த்துத் தேர்ந்த ஒற்றை மரத்தின் கனியையே தின்கிறோம் என்பதை நினைத்தால் அந்தக் கைகளை வணங்கத் தோன்றுகிறது.

இனி, இந்தப் பழத்தால் சரீரத்துக்கு விளையும் நன்மைகளைப் பார்ப்போம். 100 கிராம் மாம்பழச் சதையில் ஏறக்குறைய 60 கலோரி சக்தியும், 14 கிராம் சர்க்கரையும், ஒன்றரை கிராம் நார்ச்சத்தும், 36 மில்லிகிராம் வைட்டமின் சியும் இருக்கின்றன. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சியில் அநேகமாகப் பாதி இது. காயில் அந்தச் சத்து இன்னும் அதிகம். ஆகவே கோடையில் மாங்காய்ப் பச்சடியும் உப்பிட்ட மாங்காய்த் துண்டும் நம் வீடுகளில் இடம்பெற்றிருப்பது மிகவும் பொருத்தம். வைட்டமின் சி, கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடல் கிரகித்துக்கொள்ள உதவுகிறது என்பதால், ரத்தசோகை மிகுந்த நம் நாட்டில், முருங்கைக்கீரையோடு ஒரு மாங்காய்த் துண்டைச் சேர்த்துச் சமைப்பதன் பயன் சாமானியமானதல்ல. பழத்தின் சதைக்கு மஞ்சள் நிறத்தைக் கொடுக்கும் கரோட்டின் என்ற பொருள் உடலுக்குள் வைட்டமின் ஏயாக மாறுகிறது. மாலைக்கண் நோய்க்குக் காரணம் அந்த வைட்டமினின் குறைவே. கொழுப்போடு சேரும்போது கரோட்டின் நன்றாக உட்கிரகிக்கப்படுகிறது. ஆகையால் மாம்பழத்தோடு சிறிது பால் பருகும் வழக்கம் நியாயமானதே. இவற்றோடு போலிக் அமிலமும் பொட்டாசியமும் பழத்தில் உண்டு.

இத்தனை நன்மையும் பழத்தைப் பழமாகத் தின்பவர்களுக்குத்தான். புட்டியில் அடைத்து விற்கும் மாம்பழ பானங்களில் பழக்கூழ் ஒரு பங்கே. மற்றவை தண்ணீரும் சர்க்கரையும். குழந்தைக்குப் பழத்தை நறுக்கிக் கொடுக்கக்கூடிய வீட்டில் அந்தப் புட்டியை வாங்கிக் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நீரிழிவு உள்ளவர்கள் மாம்பழத்தை முற்றிலும் துறக்க வேண்டியதில்லை என்றாலும், வயிறு நிறையச் சோறு உண்டபின் அதன்மேல் முழுப் பழத்தையும் தின்பது கூடாது. வைத்தியரைக் கேட்டு, சோற்றைக் குறைத்துக்கொண்டு, ஓரிரண்டு துண்டுகளோடு நிறுத்திக்கொள்வதே நன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்தின் காரணமாக வைத்தியரின் அனுமதி பெற்றே உண்ண வேண்டும். மாம்பழம் தின்றதால் உதட்டோரம் புண்ணாயிற்று, அது 'சூடு' என்று சிலர் சொல்வதுண்டு. மா, முந்திரிக்கும் சேராங்கொட்டைக்கும் உறவான குடும்பத்தைச் சேர்ந்த மரம். காம்பை ஒடித்தவுடன் பீறிடும் பால், மென்மையான தோலைப் புண்ணாக்கவல்லது. பழத்தைச் சற்று நேரம் தண்ணீரில் போட்டுவைத்து, காம்படியை நன்றாகக் கழுவித் துடைத்து, தோலைச் சீவித் தின்றால் அந்தத் துன்பம் பெரும்பாலும் நேராது.

இதைவிட அஞ்ச வேண்டியது கார்பைடு கல். ஈரம் பட்டவுடன் அந்தக் கல் அசிட்டிலீன் வாயுவை வெளியிட்டுக் காயின் தோலை மஞ்சளாக்குகிறது. அந்தக் கல்லில் ஆர்சனிக் போன்ற நச்சுப்பொருள்கள் கலந்திருக்கலாம் என்பதால் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. எத்திலீன் வாயுவை அளவோடு செலுத்திப் பழுக்கவைப்பதற்கு அனுமதி உண்டு. அது மாங்காய் பழுக்கும்போது தானே உண்டாக்கும் வாயுவே. நம் வீடுகளில் வைக்கோலுக்குள் காயைப் புதைத்துவைத்ததும் அந்த வாயு வெளியே போகாமல் காயைச் சூழ்ந்திருக்கும்படி செய்வதற்கான உபாயம்தான். கல் வைத்த பழம் வெளியே பளீரென்று மஞ்சளாகவும் உள்ளே வெளுத்துப் புளித்தும் இருக்கும். முகர்ந்தால் வாசனை இராது. முற்றிய காயைப் பறித்துப் பழுத்ததாயின், காம்பைச் சுற்றிலும் தோள் புடைத்து, காம்பு சற்று உள்ளே குழிந்திருக்கும்; தண்ணீரில் போட்டால் மூழ்கும்.

ஆகவே, இந்தப் பருவத்தில் பழக்கடைக்குப் போகும் வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நிறத்தைப் பார்த்து வாங்காமல் முகர்ந்து பார்த்து வாங்குங்கள், என்ன ரகம், எந்த ஊர்த் தோப்பு என்று வியாபாரியிடம் கேளுங்கள். பங்கனப்பள்ளி தாராளமாகக் கிடைக்கட்டும். அதோடு கல்லாமை உண்டா, நடுச்சாலை வருமா, இமாம்பசந்த் எப்போது இறங்கும் என்றும் விசாரியுங்கள். கேட்பவர்கள் இருந்தால் வியாபாரி வரவழைப்பார். வியாபாரி வரவழைத்தால் தோட்டக்காரர் அந்த மரங்களை வெட்டாமல் வைத்திருப்பார்.