பட்டறை முதலாளியின் நேரம் எங்கே போகிறது?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் சந்துக்குச் சந்து லேத் பட்டறைகள் உண்டு. ஒரு ஷெட், அதற்குள் இரண்டு சிஎன்சி, ஒரு மில்லிங் மெஷின், அப்பா காலத்து லேத் ஒன்று, ஐந்தாறு ஆட்கள். பம்ப் கம்பெனிக்கும் மோட்டார் கம்பெனிக்கும் ஜாப் ஒர்க் ஓடும். முதலாளி காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்குவார். இறக்கும்போது இரவு ஒன்பதாகிவிடும். ஆனாலும் போன வாரம் ஒரு புதுப் பார்ட்டி கேட்ட கொட்டேஷன் இன்னும் மேஜை மேலேயே கிடக்கும். கேட்டால், "எங்கீங்க, நேரமே பத்த மாட்டேங்குது" என்பார்.

அவருடைய ஒரு காலைப் பொழுதை ஓரமாக நின்று பார்த்தால் விஷயம் புரியும். கொட்டேஷன் போட டிராயிங்கை விரிக்கிறார். "அண்ணா, இன்சர்ட் தீர்ந்துருச்சுங்ணா." கடைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், கம்பெனி பர்ச்சேஸிலிருந்து அழைப்பு: "ஏனுங்க, அந்த ஷாஃப்ட் என்னாச்சு?" அதைப் பார்க்க மெஷினுக்குப் போனால் டெம்போக்காரர் டெலிவரி சலான் கேட்டு நிற்கிறார். சலான் எழுதும்போது ஸ்கிராப் எடுப்பவர் தராசோடு வந்துவிடுகிறார். திரும்பி வந்து டிராயிங்கைப் பார்த்தால், எந்த டாலரன்ஸில் விட்டோம் என்றே தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு குறுக்கீடும் இரண்டு நிமிடம்தான். ஆனால் அரை மணி நேர வேலையான கொட்டேஷன் அதனாலேயே ஒரு வாரம் இழுக்கிறது.

நேர நிர்வாகம் பற்றிய புத்தகங்களில் பாதி, தனி அறையும் அதற்கொரு கதவும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. அவசரமானது, முக்கியமானது என்று நான்கு கட்டம் போடச் சொல்வார்கள். பட்டறையில் கட்டம் போட்டு முடிப்பதற்குள் நான்கு பேர் கூப்பிட்டிருப்பார்கள். பட்டறைக்காரர் வெளியே தேட வேண்டியதில்லை. அவருக்கு வேண்டிய பாடம் அவருடைய மெஷினிலேயே இருக்கிறது. அதன் பெயர் செட்டிங்.

சிஎன்சியில் ஒரு ஐட்டம் முடிந்து அடுத்ததை ஏற்றுவது சும்மா இல்லை. பழைய ஜாவைக் கழற்றி வேறு ஜா மாட்ட வேண்டும், டூல் மாற்ற வேண்டும், ப்ரோகிராம் ஏற்றி ஆஃப்செட் எடுக்க வேண்டும். பிறகு முதல் பீஸை ஓட்டி மைக்ரோமீட்டரில் அளந்து, மைக்ரான் கணக்கில் திருத்தி, இரண்டாவது பீஸையும் பார்த்த பிறகே ஆபரேட்டர் நிம்மதியாக பட்டனைத் தட்டுவார். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஒரு பீஸ்கூட விழாமல் போகும். அதனால்தான், பத்து ஷாஃப்ட் ஓட்டி நிறுத்தி, ஐந்து ஃபிளாஞ்ச் போட்டு, மறுபடி ஷாஃப்ட்டுக்கு வரச் சொன்னால் எந்த முதலாளியும் சண்டைக்கே வந்துவிடுவார். அதே மனிதர் தன் மூளையை மட்டும் காலையிலிருந்து இரவு வரை அப்படித்தான் ஓட்டுகிறார். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தைய வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டு அடுத்ததைக் கெடுக்கிறது என்பதை 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் சோதனைகள் மூலம் காட்டினார். பாதியில் விட்ட வேலை கூடுதலாகவே ஒட்டும்.

செட்டிங் நேரத்தைக் குறைக்க உலகத்துக்கே வழி காட்டியவர் ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர். 1969இல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றுக்கு டை மாற்ற நான்கு மணி நேரம் பிடித்தது. அதை முதலில் ஒன்றரை மணி நேரமாக்கினார்கள், பிறகு மூன்று நிமிடத்துக்கே கொண்டுவந்தார்கள். அவர் செய்தது எளிமையான ஒரு பிரிவினை. மெஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்ற வேலைகள் ஒருபுறம், மெஷின் ஓடும்போதே செய்துவைக்கக்கூடியவை மறுபுறம். பார்த்தால், ஸ்பேனர் தேடுவது, போல்ட் எடுத்து வருவது, டையை ஸ்டோரிலிருந்து இறக்குவது என்று இரண்டாம் வகை வேலைகள்தான் நின்ற மெஷினின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன.

முதலாளி தன்னைக் கேட்டு வரும் கேள்விகளையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு சிட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் யார் எதற்குக் கூப்பிட்டாலும் ஒரு வரி எழுதிவைத்தால் போதும். நோட்டு அலங்காரமாக இருக்க வேண்டாம், டீக்கறை படிந்தாலும் சரி. வாரக் கடைசியில் படித்தால், பெரும்பாலானவை திரும்பத் திரும்ப வரும் அதே ஏழெட்டுக் கேள்விகளாக இருக்கும். "அடுத்து எதைங்ணா போடறது?" "இந்த ஐட்டத்துக்கு டிராயிங் எங்கீங்ணா?" "இந்த அளவு அஞ்சு மைக்ரான் தள்ளியிருக்குது, பரவால்லீங்களா?" "கூலன்ட் வாங்கோணும், காசு குடுங்ணா." இவற்றில் ஒன்றாவது முதலாளி அந்த நிமிடம்தான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியதா?

'அடுத்து எது' என்பதற்குப் பதில் முந்தின நாள் சாயங்காலமே தெரியும். மெஷினுக்கு மேலே ஒரு வெள்ளை போர்டு மாட்டி, ஒவ்வொரு மெஷினிலும் நாளைக்கு வரிசையாக எந்த மூன்று ஐட்டம் என்று எழுதிவிட்டுப் போகலாம். அதோடு நிறுத்தாமல், அந்த மூன்றுக்கும் தனித்தனி ட்ரே வைத்து, டிராயிங், வேண்டிய இன்சர்ட், கேஜ் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட வேண்டும். ஷிங்கோ சொன்ன 'ஓடும்போதே செய்யும் வேலை' இதுதான். சாயங்காலம் இருபது நிமிடம் இதற்குப் போனால், மறுநாள் காலை ஆபரேட்டர்கள் அவர் மேஜைக்கு நடப்பது பாதியாவது நின்றுவிடும். ஐந்து மைக்ரான் கேள்விக்கு, எந்த அளவு கண்டிப்பானது, எதில் விட்டுக்கொடுக்கலாம் என்று டிராயிங்கிலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டால் தீர்ந்தது.

காசு விஷயம்தான் எல்லோருக்கும் தயக்கம். மூத்த ஆபரேட்டர் கையில் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து, கூலன்ட், துணி, போல்ட், டெம்போ வாடகை எல்லாம் கேட்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்லி, சனிக்கிழமை பில்லோடு கணக்குப் பார்க்கலாம். மாதம் ஐம்பது நூறு ரூபாய் கணக்கில் உதைக்கலாம். இன்சர்ட் தீர்ந்து ஒரு மணி நேரம் நின்ற மெஷின் அதைவிட அதிகம் தின்றிருக்கும்.

அடுத்தது போன். கம்பெனிக்காரர் ஏன் நாளுக்கு மூன்று தடவை கூப்பிடுகிறார்? அவருக்கு மேலே ஒருவர் கேட்கிறார், இவரிடம் சொல்லப் பதில் இல்லை. நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவர் கூப்பிடவே மாட்டார். காலை பத்துமணி வாக்கில், ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களுக்கு ஒரு வரி வாட்ஸ்அப் போதும்: "ஷாஃப்ட் 140 முடிந்தது, மீதி 60 நாளை மதியம் வரும்." இதை நாள் தவறாமல் செய்தால் இரண்டே வாரத்தில் மாற்றம் தெரியும். பிறகு பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை போனை மேனேஜரிடமோ, வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வரும் மனைவியிடமோ கொடுத்துவிடலாம். "மெஷின் நின்னா மட்டும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அந்த ஒன்றரை மணி நேரத்தில் கொட்டேஷன், புது ப்ரோகிராம், விலைக் கணக்கு இப்படித் தொடர்ந்து யோசிக்க வேண்டிய வேலைகளை மட்டும் செய்ய வேண்டும். இதில் ஒரே பிடிவாதம் தேவை: அது தினமும் அதே நேரமாக இருக்க வேண்டும். ஆட்களும் பார்ட்டிகளும் பழகிக்கொள்வார்கள்.

இந்தக் குறுக்கீடுகளில் பலவற்றுக்கு வித்து நம் வாயிலிருந்தே விழுகிறது. "ரெண்டு நாள்ல குடுத்தர்றேனுங்க" என்ற வார்த்தை அது. இருநூறு பீஸ், ஒன்றுக்கு நான்கு நிமிடம், ஆக மொத்தம் 800 நிமிடம், அதாவது பதின்மூன்று மணி இருபது நிமிடம். எட்டு மணி நேர ஷிஃப்ட்டில் இரண்டே நாள், இன்னும் நேரம் மிச்சம்கூட வரும் போலத் தோன்றும். ஆனால் செட்டிங்குக்கு ஒன்றரை மணி நேரம் சேர்க்க வேண்டும். டீ, சாப்பாடு, சிப் வாருவது, அளவு பார்ப்பது, இன்சர்ட் திருப்புவது எல்லாம் போக ஒரு ஷிஃப்ட்டில் மெஷின் ஆறரை மணி நேரம் உண்மையாக ஓடினாலே பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் மூன்றாம் நாள் மதியத்துக்குத்தான் பொருள் டெம்போவில் ஏறும். இடையில் கரண்ட் போகாமல் இருந்தால்.

மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தை எப்போதும் குறைத்தே கணிக்கிறார்கள் என்று டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். இதற்கு அவர்கள் காட்டிய திசையும் பயனுள்ளது: இந்த வேலை எப்படிப் போகும் என்று கற்பனை செய்யாமல், இதே போன்ற பழைய வேலை உண்மையில் எத்தனை நாள் எடுத்தது என்று பார்க்க வேண்டும். பட்டறையில் அதற்கான ஆதாரம் ஏற்கெனவே இருக்கிறது. பொருள் உள்ளே வந்த சலான் தேதி, வெளியே போன சலான் தேதி. போன முறை ஐந்து நாள் ஆன வேலைக்கு இந்த முறை மட்டும் எப்படி இரண்டு நாள் ஆகும்? ஐந்து நாள் என்று சொல்லி நான்காம் நாள் கொடுப்பவரிடம் பர்ச்சேஸ்காரருக்கு மரியாதை கூடும். இரண்டு என்று சொல்லி ஐந்தாக்கினால் நடுவில் மூன்று நாளும் போன் அடிக்கும்.

பார்ட்டிக்குச் சொல்லும் தேதி போலவே அரசாங்கத் தேதிகளும் தவறினால் நேரத்தைத் தின்னும்; அவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டியில் மாத ரிட்டர்ன் போடுபவர்களுக்கு விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20ஆம் தேதி. ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடிக்குள் இருந்தால் 2021இலிருந்து காலாண்டு ரிட்டர்ன் முறையைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் முதல் இரண்டு மாதங்களுக்கு வரியை அடுத்த மாதம் 25க்குள் கட்டிவிட வேண்டும். ஆட்கள் பத்துப் பேரானால் இஎஸ்ஐ, இருபதானால் பிஎஃப், இரண்டுக்கும் மாதம் 15. அவ்வப்போது தேதி நீட்டிப்பு வரும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குத் தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இது பெரிய தொகையல்ல என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நம் பில் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏறாவிட்டால் கம்பெனிக்கு அந்த வரி கிரெடிட் தெரியாது, தெரியாவிட்டால் கணக்குப் பிரிவு நம் பேமென்டை நிறுத்திவைக்கும். உண்மையான அடி அங்கே விழுகிறது. காலாண்டு முறையில் இருந்தாலும், கம்பெனிகளுக்குப் போட்ட பில்களை மட்டும் மாதாமாதம் 13ஆம் தேதிக்குள் ஏற்ற வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதவர்களும் உண்டு. அன்றன்றைய பில்லை அன்று மாலையே கணக்கில் ஏற்றிவிட்டு, 5ஆம் தேதிக்குள் ஆடிட்டருக்கு அனுப்பினால் மாதத்தின் நடுவில் ஓடும் அந்த இரண்டு நாள் ஓட்டம் மிச்சம்.

கடைசியாக, எந்தப் பட்டறைக்காரரும் நேரம் ஒதுக்காத ஒரு வேலை உண்டு: பாக்கி வசூல். கோவைப் பட்டறைகளில் பொதுவாகச் சனிக்கிழமை சம்பளம். வெள்ளி மதியம் கையிருப்பைப் பார்த்தால் போதவில்லை. அப்போதுதான் பார்ட்டிகளுக்குப் போன் போவது. அன்றைக்கு அவர்களுக்கும் அதே நெருக்கடி. "அடுத்த வாரம் பார்க்கலாங்க" என்று பதில் வரும். முதலாளி பைக்கை எடுத்துக்கொண்டு மூன்று கம்பெனிக்கு அலைவார், சனிக்கிழமை காலை முழுக்கப் போய்விடும்.

சட்டம் நம் பக்கம்தான். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. தன் பெரிய பார்ட்டி மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டரை எதிர்பார்க்கும் தைரியம் யாருக்கும் வராது என்பது வேறு விஷயம். ஆனால் 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியில் இன்னொரு பிடி வந்திருக்கிறது: இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, அதைக் கொடுக்கும் ஆண்டில்தான் கம்பெனி தன் செலவாகக் காட்ட முடியும். மார்ச் நெருங்கும்போது அவர்களுடைய ஆடிட்டரே இந்தப் பட்டியலைக் கேட்பார். பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்து வைத்தால் யாருடனும் சண்டை போடாமலே அந்தப் பட்டியலில் நம் பெயர் ஏறும்.

வசூலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை காலை நல்லது. அன்று யாருக்கும் சம்பள நெருக்கடி இல்லை, கணக்குப் பிரிவில் ஆள் இருப்பார்கள், அந்த வார பேமென்ட் பட்டியல் இன்னும் முடிந்திருக்காது. முதலில் பில் எண், தேதி, தொகை, எத்தனை நாள் ஆனது என்ற நான்கு கட்டத்தில் பாக்கிப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் போன் செய்யுங்கள். "எந்த பில்லுங்க, பார்த்துச் சொல்றேன்" என்று தள்ளிப்போட அவர்களுக்கு இடமிருக்காது. பேச்சு நேராக "எந்தத் தேதிக்குப் போடறீங்க?" என்பதிலிருந்து தொடங்கும்.