பக்கவிளைவு முந்தி வரும், பலன் பிந்தி வரும்

சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது என்று போனவருக்கு மருத்துவர் ‘அமிட்ரிப்டிலின் 10 மி.கி., இரவில் ஒன்று’ என்று எழுதிக் கொடுக்கிறார். வீட்டில் மகன் கைபேசியில் தேடிப் பார்த்து, ‘அப்பா, இது மனச்சோர்வு மாத்திரை’ என்கிறான். ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று அன்றைக்கே மாத்திரை அட்டை குப்பைக்குப் போகிறது. நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் குறைந்த அளவில் தருகிற அதே மருந்தைத்தான், பெரும்பாலும் 75 முதல் 150 மில்லிகிராம் வரை உயர்த்தி, மனச்சோர்வுக்கும் தருகிறார்கள். மூலக்கூறில் மூன்று வளையங்கள் இருப்பதால் மூவளைய மருந்துகள் என்று பெயர். இமிப்ரமின், நார்ட்ரிப்டிலின், குளோமிப்ரமின், டோசுலெபின் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை இமிப்ரமின். சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் மனச்சிதைவு நோய்க்கு உதவுமா என்று பார்க்கத்தான் அதை மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது. அங்கே அது எடுபடவில்லை. சில நோயாளிகளுக்குக் கொந்தளிப்பு கூடியதுதான் மிச்சம். அங்கிருந்த ரோலண்ட் குன் என்ற மருத்துவர் 1956-இல் அதைக் கடும் மனச்சோர்வில் கிடந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பேச்சற்றுக் கிடந்தவர்கள் எழுந்து பேசத் தொடங்கினார்கள். மறு ஆண்டு சூரிச்சில் நடந்த உலக மனநல மாநாட்டில் அவர் இதைச் சொன்னபோது கேட்க வந்தவர்கள் ஒரு டஜன் பேர்தான். இந்தக் கதைக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதே மருத்துவமனையில் பல நோயாளிகளிடம் முறையான சம்மதம் பெறாமலே மருந்துகள் சோதிக்கப்பட்டதை வரலாற்றாய்வாளர்கள் 2019-இல் விரிவாக எழுதினார்கள்.

மருந்து செய்கிற வேலை சுருக்கமானது. நரம்பு முனைகள் வெளியிட்ட செரோட்டோனினையும் நார்அட்ரினலினையும் அவையே திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கிறது. ஆனால் அதோடு நிற்பதில்லை. சாவிக்கொத்தைப் போல வேறு பல பூட்டுகளிலும் போய் நுழைகிறது. ஹிஸ்டமின் ஏற்பியில் பட்டால் தூக்கம், உடல் எடை. அசிட்டைல்கோலின் ஏற்பியில் பட்டால் நாக்கு வறட்சி, மலச்சிக்கல், மங்கிய பார்வை, சிறுநீர் பிரியாமை. ரத்தக் குழாயில் பட்டால் எழும்போது தலைசுற்றல். இதயத்தின் சோடியம் வழிகளை அடைத்தால் துடிப்பே தடுமாறும்.

அப்படியானால் எதற்கு இந்தப் பழைய மருந்து? வேலை செய்கிறது என்பதால்தான். 2018-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 522 சோதனைகளையும் 21 மருந்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பலனில் முதல் வரிசையில் நின்றது அமிட்ரிப்டிலின். எனினும் இன்று மருத்துவர்கள் முதலில் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றையே எழுதுகிறார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அளவு மீறினால் மூவளைய மருந்து உயிரைப் பறித்துவிடும். உயிரை வெறுத்து நிற்கும் ஒருவரின் கையில்தான் அதைக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே இதில் பாதுகாப்பு என்பது பாதி மருத்துவர் கையில், பாதி வீட்டார் கையில். தொடக்கத்தில் ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு மட்டும் மாத்திரை வாங்குங்கள். அட்டையை வீட்டில் வேறொருவர் வைத்துக்கொண்டு தினமும் எடுத்துத் தரட்டும். குழந்தைகளுக்கு எட்டாத பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்; சின்னக் குழந்தைக்கு ஓரிரு மாத்திரைகூட ஆபத்து. யாராவது அதிகமாக விழுங்கிவிட்டால், ‘நன்றாகத்தானே பேசுகிறார்’ என்று காத்திருக்க வேண்டாம். சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழாகும். 108-ஐ அழைத்து, அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

மருத்துவரிடம் சில விஷயங்களை மறைக்கக் கூடாது: மாரடைப்பு வந்தது, கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை, வலிப்பு, எப்போதாவது மிதமிஞ்சிய உற்சாகத்தில் தூங்காமல் திரிந்தது. கடைசியாகச் சொன்னது இருதுருவ நோயின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு இம்மருந்தை மட்டும் தந்தால் வெறிநிலை கிளம்பக்கூடும். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் முதலில் ஒரு இ.சி.ஜி. எடுப்பது நல்லது. டிரமடால் வலி மாத்திரை, சளிக்கான குளோர்பெனிரமின், வயிற்றுவலிக்கான டைசைக்ளோமின், மது ஆகியவை இதோடு சேர்ந்தால் வம்பு. அமிட்ரிப்டிலினோடு குளோர்டயசெபாக்சைடு கலந்த மாத்திரையும் நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அந்தக் கூட்டாளி பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடியது. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது தப்பு.

முதல் வாரம்தான் சோதனை. வாய் வறளும், மலம் இறுகும், மனம் மட்டும் அப்படியே கிடக்கும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதை யாரும் சொல்லாததால் பலர் பத்தாம் நாளே விட்டுவிடுகிறார்கள். சிறுநீர் கழிக்க நள்ளிரவில் எழுபவர், கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும்; அந்த அவசரத்தில் முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதுண்டு. 25 வயதுக்குக் குறைந்தவர்களை ஆரம்ப வாரங்களில் உன்னிப்பாகக் கவனியுங்கள். தற்கொலை எண்ணம் அப்போது கூடக்கூடும்.

மனம் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென விட்டால் குமட்டலும் பதற்றமும் தூக்கமின்மையும் வரும். இடையில் மனம் தாங்கவில்லை என்றால் அடுத்த மருத்துவர் சந்திப்புவரை பொறுக்க வேண்டாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் 104 ஆகிய இரண்டு எண்களிலும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.