வெட்டிவேர்: ஒரு வாசனைப் போத்தலும் சில கேள்விகளும்

ஒக்லாந்தில் ஞாயிறு காலைகளில் கூடும் சந்தையொன்றில், தேனும் சவர்க்காரமும் விற்கும் மேசையின் மூலையில் அந்தச் சிறிய போத்தல் இருந்தது. மூலிகை வாசனைத் தைலம், செயற்கைப் பொருள் எதுவும் சேர்க்கவில்லை என்றார் விற்ற பெண்மணி. லேபலில் ஜொஜோபா எண்ணெய், தேசிக்காய், மானுக்கா ஆகியவற்றுக்குப் பிறகு ஆங்கில எழுத்தில் இன்னொரு சொல் இருந்தது. வாய்விட்டு வாசித்தபோதுதான் அது எங்களுடைய சொல் என்று பிடிபட்டது: வெட்டிவேர்.

இது தற்செயலான ஒலியொற்றுமை அல்ல. தமிழ்ச் சொல்லே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும் உலக வாசனைத் தொழிலுக்கும் போனது. 1959இல் பாரிஸின் கெர்லான் நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற ஆண்களுக்கான வாசனைக்கும் இதுவே பெயர். அம்மம்மா மண்பானைத் தண்ணீருக்குள் போட்டு வைத்த வேர்முடிச்சு இவ்வளவு தூரம் பயணப்பட்டிருக்கிறது என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

வாங்கி, மணிக்கட்டில் இரண்டு துளி பூசினேன். முதலில் தேசிக்காய் மட்டுமே மணத்தது; அரைமணிக்குள் அது போய்விட்டது. பிறகு மானுக்காவின் கஷாய வாடை. மத்தியானத்துக்குப் பின்தான் வேர் மேலெழுந்தது: ஈரமண், பழைய பலகை, சற்றே புகை. மறுநாள் காலையிலும் சட்டைக்கையில் அது இருந்தது.

காரணம் எளியது. தேசிக்காயின் மூலக்கூறுகள் சிறியவை, விரைவில் ஆவியாகின்றன. வெட்டிவேரில் உள்ளவை பாரமானவை, மெதுவாகவே காற்றில் கலக்கின்றன. இதனால்தான் ஏனைய வாசனைகளைப் பிடித்து வைக்கும் அடித்தளமாக அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த எண்ணெயை வேரிலிருந்து பிரிக்கவும் பல மணிநேரம் நீராவியில் வடிக்க வேண்டும். அதில் நூற்றுக்கு மேற்பட்ட சேர்மங்கள் இருக்கின்றன. அதை அப்படியே செயற்கையாக உருவாக்குவது இன்றும் இலகுவல்ல.

‘இயற்கையானது’ என்றால் தீங்கற்றது என்று நினைப்பதும் தவறு. குளிர்முறையில் பிழிந்த தேசிக்காய்த் தோல் எண்ணெய் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் வெந்துபோகும். நியூசிலாந்தின் கோடை வெயிலில் புறஊதாக் கதிர் மிகக் கடுமை. இவ்வகைத் தைலங்களை உடுப்பு மூடும் இடத்தில் பூசுவதே நல்லது.

இனி, எனக்கு உறுத்தலாக இருந்த விடயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இந்நகரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது, வீட்டைக் காட்ட வந்த ஒருவர், ‘உங்களுடைய ஆட்கள் இருந்தால் மணம் சுவரைவிட்டுப் போகாது’ என்று சிரித்தபடியே சொன்னார். வீடு கிடைக்கவில்லை. அதன்பின் பல வருடங்கள், குளிர்காலத்திலும் யன்னல்களைத் திறந்துவைத்துத்தான் கறி தாளித்தோம். வேலைக்குப் போகும் உடுப்பைச் சமையலறைக்கு எட்டாத தூரத்தில் தொங்கவிட்டோம். பிள்ளைகளும் அதைப் பழகிக்கொண்டார்கள். கீழ்மக்கள் நாறுபவர்கள் என்று தன் வர்க்கம் நம்ப வளர்க்கப்பட்டதைப் பற்றி ஜோர்ஜ் ஓர்வெல் 1937இல் எழுதினார். மூக்கின் வெறுப்பு தர்க்கத்துக்கு மடிவதில்லை. ஆகவேதான் இனவாதத்துக்கு அது வசதியாக இருக்கிறது.

இந்தத் தைலத்தைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போன அன்று, சக ஊழியர் ஒருவர் ‘என்ன அருமையான வாசனை’ என்றார். நான் மகிழவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த மகிழ்ச்சியே பிறகு என்னைக் கூச வைத்தது. எங்கள் வீட்டுப் பொருள் வேறொருவரின் போத்தலுக்குள் போய் விலையோடு திரும்பி வந்தபிறகுதானே அது வாசனையாயிற்று?

அப்படியானால் வெட்டிவேர் எங்களுடையது என்று உரிமை கோருவதா? 1995இல் அமெரிக்காவில் மஞ்சளால் காயமாற்றும் முறைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டபோது இந்தியா எதிர்த்து வாதாடியது. 1997இல் அது இரத்தானது. அங்கே எதிர்ப்பு நியாயமானது. ஆனால் இந்த வேரைச் சிங்களவர் செவந்தரா என்றும் வட இந்தியர் கஸ் என்றும் தலைமுறைகளாக அறிவர். உலகச் சந்தைக்கு இன்று பெருமளவில் எண்ணெய் தருவது ஹெயிட்டி. அங்கே அடிமைகளின் வழிவந்த சிறுவிவசாயிகளே வேரைக் கிண்டுகிறார்கள். மண்ணைப் பிடித்து வைக்கும் வேரை மலைச்சரிவிலிருந்து பிடுங்கும்போது மண்ணும் கரைந்து போகிறது. பெயர் எங்களுடையதென்றால், இந்த உழைப்பு யாருடையது?

நாங்கள் குடியேறியிருக்கும் இந்த மண்ணிலும் இதே கேள்வி உண்டு. தாரமேயா என்பது பெரும்பாலும் தென்தீவின் மலைப்புல்வெளிகளில் வளரும் முட்செடி. அதன் பிசினை எடுத்துப் பறவைக் கொழுப்பில் கலந்து, சிறு பையிலிட்டுக் கழுத்தில் அணிவது மாவோரி மக்களின் வழக்கம். 1998ஆம் ஆண்டின் ஙாய் தாஹு உடன்பாட்டுச் சட்டம் தாரமேயாவை அம்மக்களின் அரும்பொருட்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. தாவரங்கள் பற்றிய மாவோரி அறிவுக்கு யார் பொறுப்பாளர் என்ற வழக்கு 1991இல் வைத்தாங்கி நியாயசபை முன் வந்து, 2011இல்தான் அறிக்கை கிடைத்தது. மாவோரிகள் அங்கே முன்வைத்தது வெறும் சொத்துரிமைக் கோரிக்கையல்ல, காவற்பொறுப்பு. செடியையும் அதைச் சார்ந்த அறிவையும் பேண வேண்டியவர்கள், அவை பயன்படும்போது கேட்கப்பட வேண்டியவர்கள் என்ற நிலைப்பாடு அது. நான் வாங்கிய போத்தலில் இருந்த மானுக்காவும் மாவோரிச் சொல்தான்.

எமது புகலிட விவாதங்களில் ‘எங்களுடையது’ என்ற சொல் மிக மலிவாகப் புழங்குகிறது. அச்சொல்லோடு வரும் பொறுப்பு என்ன என்று நாம் குறைவாகவே கேட்டிருக்கிறோம்.

எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் வெட்டிவேர் விதையால் பரவுவதில்லை. தூரைப் பிரித்து ஒருவர் கையால் நட்டால்தான் வேறிடத்தில் முளைக்கும். அடுத்த ஞாயிறு அந்தப் பெண்மணியிடம் பெயரின் கதையைச் சொன்னேன். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று மொத்த வியாபாரியிடம் கேட்பதாகச் சொன்னார். நானும் யன்னலைப் பூட்டிக்கொண்டு சமைத்துப் பார்க்கிறேன். இன்னும் பழகவில்லை.