பழங்கோட்டையிற் புதிய வாயில்: வெரோனா நகரின் கஸ்தெல்வெக்கியோ நூதனசாலை

பழம்பொருள்களைத் திரட்டிப் பேணிவைக்கும் இடமே நூதனசாலை என்பது பலரும் கொண்டுள்ள கருத்து. அப்பொருள்களைத் தாங்கிநிற்கும் கட்டடமும் ஒரு பழம்பொருளாக அமைந்துவிடுமாயின் ஆங்கே ஒரு சிக்கல் தோன்றுகின்றது. சிலையைத் துடைத்துப் பீடத்தில் வைத்துவிடலாம். கட்டடத்தை அவ்வாறு வைத்துவிடல் இயலாது. மக்கள் அதனுட் புகவேண்டும், நடக்கவேண்டும், படியேறவேண்டும். அவர்கள் காண்பதற்கு ஒளி வேண்டும். இவற்றின் பொருட்டுச் சுவரை இடித்தால் வரலாற்றின் ஒரு பகுதி மறையும். இடியாது விட்டால் நூதனசாலை வெறும் பண்டசாலையாய் முடியும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியொன்றைத் தேடிய முயற்சிகளுள், வட இத்தாலியிலுள்ள வெரோனா நகரில் 1964 ஆம் ஆண்டு நிறைவெய்திய கஸ்தெல்வெக்கியோ நூதனசாலைத் திருத்தவேலை தனியிடம் பெறுவது.

வெரோனா பெருநகரன்று. சேக்ஸ்பியரின் ரோமியோவும் யூலியற்றும் வாழ்ந்த ஊர் என்ற அளவில் அதனை மாணவர் பலரும் அறிவர். அடிஜே என்னும் ஆறு அதனை வளைத்தோடுகின்றது. அவ்வாற்றங்கரையிற் சிவந்த செங்கல்லாற் கட்டப்பட்டு நிற்பதே கஸ்தெல்வெக்கியோ. அப்பெயருக்குப் பழங்கோட்டை என்பது பொருள். நகரை ஆண்ட ஸ்காலா குடியினனாகிய இரண்டாம் கன்கிரான்டே 1354 ஆம் ஆண்டிற்கும் 1356 ஆம் ஆண்டிற்குமிடையில் அதனைக் கட்டுவித்தான். புறப்பகைவரைக் காட்டிலும் தன் குடிகளுக்கே அவன் பெரிதும் அஞ்சினான் என்பர். குடிகள் கிளர்ந்தெழின் வடதிசை நோக்கித் தப்பிச் செல்லுதற்காகக் கோட்டையிலிருந்து ஆற்றைக் கடக்கும் பாலமொன்றும் கட்டப்பட்டது. ஆயின் அவனுக்கு இறுதி நேர்ந்தது குடிகளாலன்று; 1359 இல் உடன்பிறந்தான் ஒருவனே அவனைக் கொன்றான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த நகரமதில் ஒன்று கோட்டையின் நடுவே செல்லுகின்றது. அதன் மேற்கே அரசனின் உறைவிடமும், கிழக்கே படைவீரர் கூடும் முற்றமும் அமைந்தன. நெப்போலியனின் படைகள் வெரோனாவைக் கைப்பற்றிய பின்னர், அம்முற்றத்தின் இரு பக்கங்களிற் படைவீரர் தங்கும் நெடிய கட்டடத்தை எழுப்பின. அழகு நோக்கிக் கட்டப்பட்டதன்று அது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கோட்டை நூதனசாலையாயிற்று. அந்தோனியோ அவேனா என்னும் பணிப்பாளரும் ஃபோர்லாத்தி என்னும் கட்டடக்கலைஞரும் 1923 தொடக்கம் 1926 வரை அதனைத் திருத்தியமைத்தனர். நெப்போலியன் காலத்துப் படைமனை மத்தியகால அரண்மனைபோலத் தோன்றவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1882 இல் அடிஜே பெருக்கெடுத்து நகரை அழித்தபின் இடிக்கப்பட்ட பழைய மாளிகைகளின் கூர்வளைவுச் சாளரங்களையும் தூண்களையும் கொணர்ந்து படைமனையின் முகப்பிற் பொருத்தினர். உள்ளே பழைய காலத்துப் பிரபுக்களின் கூடங்களைப்போல அறைகளை அலங்கரித்தனர். கற்கள் மெய்யானவை, அவை நின்ற இடம் பொய்யானது. இத்தகைய ஒப்பனை அக்காலத்தில் இத்தாலியில் மட்டுமன்றி ஐரோப்பாவெங்கும் வழக்கிலிருந்தமையால், அவேனாவை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது.

இரண்டாம் உலகப்போர் கோட்டையை மிகவும் வருத்தியது. 1944 ஆம் ஆண்டு சனவரியில் முசோலினியின் மருமகனாகிய சியானோவையும் பிறரையும் விசாரணை செய்து மரணதண்டனை விதித்த நீதிமன்றம் இக்கோட்டையிலேயே கூடியது. குண்டுவீச்சினாற் கட்டடத்தின் ஒரு பகுதி சிதைந்தது. 1945 ஏப்பிரில் இறுதியிற் பின்வாங்கிச் சென்ற யேர்மானியப் படை பாலத்தையும் வெடிவைத்துத் தகர்த்தது. போர் முடிந்தபின் நகரமக்கள் ஆற்றினுள் வீழ்ந்த கற்களை எடுத்து, 1951 அளவிற் பாலத்தை முன்னிருந்தவாறே கட்டிமுடித்தனர். நூதனசாலையும் அவ்வாறே முன்னிருந்தவண்ணம் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். அஃது அவ்வாறு நிகழாமைக்குக் காரணர் இருவர். ஒருவர் 1950 களின் நடுப்பகுதியிற் பணிப்பாளராக வந்த லிசிஸ்கோ மகன்யாத்தோ. மற்றவர் அவர் அழைத்துவந்த கார்லோ ஸ்கார்ப்பா.

ஸ்கார்ப்பா 1906 இல் வெனிசு நகரிற் பிறந்தவர். அந்நகரின் நுண்கலைக் கழகத்திற் பயின்றவர். முரானோத் தீவின் கண்ணாடித் தொழிலாளரோடு பல்லாண்டுகள் பணியாற்றியவர். கட்டடக்கலைஞர் எனத் தொழில் நடாத்துவதற்குரிய பரீட்சைக்கு அவர் தோற்றவில்லை. அதனால் சட்டப்படி அப்பெயரைச் சூடும் உரிமை அவருக்கு இல்லாதிருந்தது. வழக்கும் நேர்ந்தது. அவர் எழுப்பிய கட்டடங்களைக் காணப் பிற்காலத்தில் உலகின் பல பாகங்களிலிருந்தும் கட்டடக்கலைஞர் திரண்டு சென்றனர் என்பதை எண்ணுங்கால், பட்டத்திற்கும் புலமைக்கும் உள்ள தொடர்பு எத்துணைத் தளர்ந்தது என்பது புலனாகும்.

1957 அளவில் வேலை தொடங்கியது. அகழ்ந்தும் பெயர்த்தும் ஆராய்ந்துகொண்டே கட்டியமைத்தலே ஸ்கார்ப்பாவின் முறை. பழைய மதிலை அடுத்துப் படைமனை முட்டிநின்ற இடத்தில், நூற்றாண்டுகளாக அடைபட்டுக் கிடந்த மொர்பியோ வாயில் வெளிப்பட்டது. மதிலின் புறத்தேயிருந்த பழைய அகழியும் வெளிப்பட்டது. இக்கண்டுபிடிப்பு முழுத்திட்டத்தையும் மாற்றிவிட்டது எனலாம். மதிலோடு ஒட்டிய படைமனையின் கடைசிப் பகுதியை இடித்து நீக்குவதென முடிவாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் மதில் ஒருபுறமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைமனை மறுபுறமும் நிற்க, இடையே வெறுவெளி தோன்றியது. மதில் மதிலாகவும் மனை மனையாகவும் நின்று, தத்தம் காலத்தைத் தாமே உரைக்கலாயின. பழைய வாயிலினூடாகக் கீழேயும், பாலத்தினால் மேலேயும், மேற்கிலுள்ள அரசனின் உறைவிடம் நூதனசாலையோடு இணைக்கப்பட்டது. இவ்வாறு காட்சிக்குரிய இடமும் விரிந்தது.

அவ்வெறுவெளியில் ஸ்கார்ப்பா வைத்த பொருள் யாதெனின், முதலாம் கன்கிரான்டேயின் குதிரைவீரச் சிலை. தாந்தே கவிஞருக்கு அடைக்கலம் அளித்தவனும் 1329 இல் இறந்தவனுமாகிய அவ்வரசனின் சிலை முன்னர் அவன் கல்லறையின் உச்சியில் நின்றது. இப்பொழுது அங்கே நிற்பது படியே. போர்வையணிந்த குதிரைமேல் வாளேந்தி அமர்ந்திருக்கும் அரசன், நகைமுகத்தோடு காட்சியளிக்கின்றான். கல்லறையின் உச்சியில் நின்ற காலத்து அந்நகையை நன்கு கண்டவர் சிலரே. ஸ்கார்ப்பா கொங்கிறீற்றினாற் செய்த மேடையொன்றை வெளியில் நீட்டி, அதன்மேற் சிலையைச் சிறிது கோணமாகத் திருப்பி நிறுத்தினார். காண்பவர் தோட்டத்தில் நின்று அதனைத் தொலைவிலே காண்பர். கீழ்த்தளத்துச் சிற்பங்களைக் கண்டு வெளிவருங்கால் அதன் அடியிற் செல்வர். உறைவிடத்தைச் சுற்றித் திரும்புங்காற் பாலத்தின்மேல் நின்று அதன் முகத்தை எதிரே காண்பர். கருவறையில் ஒருமுகமாய் நின்று காட்சிதரும் மூலவரையும், வீதிவலம் வருங்கால் நாற்புறமும் தரிசனம் நல்கும் உற்சவமூர்த்தியையும் அறிந்தோர்க்கு இவ்வேறுபாட்டின் நயம் எளிதில் விளங்கும். ஒரு வேற்றுமையென்னவெனில், இங்கே உலாவருவது மூர்த்தியன்று, காண்பவரே. சிலைக்கு மேலாகக் கூரை, ஓடு நீங்கிச் செப்புத்தகடும் மரச்சட்டமும் தோன்றப் படிப்படியாக உரிக்கப்பட்டாற்போல முடிகின்றது. கட்டடம் வெட்டி நிறுத்தப்பட்டது என்பதை அதுவும் மறையாது காட்டுகின்றது.

முற்றத்திற் செய்யப்பட்ட மாற்றங்களும் குறிப்பிடத்தக்கவை. அவேனாவின் காலத்திற் படைமனையின் நட்டநடுவே வாயில் இருந்தது. முகப்பு இருபுறமும் ஒத்து நின்றமையால் நடுவாயிலே இயல்பானதெனத் தோன்றும். ஸ்கார்ப்பா வாயிலை வடகிழக்கு மூலைக்கு மாற்றினார். அதனால் வருவோர் முற்றத்தைக் குறுக்கே கடந்து, புற்றரை, நீர்த்தொட்டி, வேலிச்செடி என்பவற்றின் அருகாகச் செல்ல நேர்ந்தது. நூதனசாலையைக் காணுதல் கதவைத் திறந்தபின் அன்று, முற்றத்தில் அடிவைத்தபோதே தொடங்கிவிடுகின்றது. பொய்முகப்பை அவர் இடிக்கவுமில்லை, மெய்யெனக் காட்டவுமில்லை. கூர்வளைவுச் சாளரங்களின் பின்னே, அவற்றின் வடிவோடு பொருந்தாத நேர்கோட்டுச் சட்டங்களிற் கண்ணாடியை அமைத்தார். அதனால் முகப்பு ஒரு திரைச்சீலைபோலத் தனித்துத் தோன்றுகின்றது. குற்றவாளியைத் தண்டியாது அவன் வாயாலேயே உண்மையை வருவித்ததுபோன்றது இச்செயல்.

உள்ளே கீழ்த்தளத்தில் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரலே செல்லுகின்றன. சீமெந்துத் தரையின் குறுக்கே வெண்கல் வரிகள் ஓடுகின்றன. தரை எவ்விடத்தும் சுவரைத் தொடுவதில்லை. ஓரத்தில் தாழ்ந்த இடைவெளியொன்று விடப்பட்டுள்ளது. வெனிசு நகரத்தார் ஒருவருக்கு நீர் கரையைச் சந்திக்கும் இடம் கண்ணிற்குப் பழகிய காட்சி என்பதை இங்கு நினைத்தல் தகும். பழையதும் புதியதும் எங்கே பிரிகின்றன என்பதை அவ்விடைவெளி சொல்லாமற் சொல்லுகின்றது. சிற்பங்கள் சுவரோரம் வரிசையாக நிறுத்தப்படவில்லை. சில சிலைகள் வருவோர்க்கு முதுகு காட்டி நிற்கின்றன. முகத்தைக் காணவிரும்புவோர் சுற்றிச் செல்லவேண்டும். மேற்றளத்திற் சில ஓவியங்கள் சுவரில் தொங்காது தாங்கிகளின்மேல் நிற்பதனால் அவற்றின் பின்புறப் பலகையையும் காணலாம். காண்பவரை நிற்கவும் திரும்பவும் செய்கின்ற இம்முறைக்கு அறிவித்தற்பலகையின் துணை வேண்டுவதில்லை.

இனி இவ்வேலைமீது எழும் தடைகளையும் நோக்குதல் வேண்டும். நெப்போலியன் காலத்துப் படைமனையும் வரலாறன்றோ, அதன் ஒரு பகுதியை இடித்தற்கு அதிகாரம் தந்தவர் யாவர் என்று வினவலாம். கஸ்தெல்வெக்கியோ டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட 1964 ஆம் ஆண்டிலேயே, நினைவுச்சின்னங்களைப் பேணுதல் பற்றிய வெனிசுச் சாசனம் மே மாதத்தில் வகுக்கப்பட்டது. ஒரு சின்னத்தில் எல்லாக் காலத்தவரும் செய்த தக்க பங்கினை மதிக்கவேண்டும் என்பது அச்சாசனத்தின் விதி. நீக்கப்படுவது சிறப்பிலதாயும் வெளிப்படுவது பெருஞ்சிறப்புடையதாயும் இருப்பின், அருகி நீக்கலாம் என்பது அதன் புறனடை. புதிதாகச் சேர்ப்பது புதிதென விளங்கவேண்டும் என்பதையும் அது வற்புறுத்துகின்றது. இப்பிந்திய விதிக்குக் கஸ்தெல்வெக்கியோவினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. முந்திய விதிக்கோ அது புறனடையின் துணைகொண்டே நிற்கின்றது. மொர்பியோ வாயிலும் அகழியும் வெளிப்பட்டமையால் அப்புறனடை பொருந்தும் எனக் கொள்ளலாம். ஆயின் வெளிப்படப்போவதை முற்றும் அறியுமுன்னரே இடிக்கத் துணிவோர்க்கு இதனை முன்மாதிரியாகக் காட்டுதல் ஆபத்தானது.

மற்றொரு தடை இதனினும் வலியது. ஒவ்வொரு சிலைக்கும் அதற்கெனவே பீடமும், ஒவ்வோர் ஓவியத்திற்கும் அதற்கெனவே தாங்கியும் அமைக்கப்பட்டமையால், பின்வந்த பணிப்பாளர் எதனையும் இடமாற்றுதல் எளிதன்று. ஆராய்ச்சி வளர்ந்து ஓவியமொன்றின் காலமோ கருத்தோ மாறின், அதற்கேற்ப வரிசையையும் மாற்றவேண்டுமன்றோ? இங்கே மாற்றினாற் சிதைவது ஸ்கார்ப்பாவின் படைப்பு. பழம்பொருளைக் காட்டுதற்கு அமைந்த ஏற்பாடே காக்கப்படவேண்டிய பழம்பொருளாகிவிட்டது.

அருமைமிக்க பொருள்களை மக்களுக்கு அண்மையில் வைத்தலின் இடரும் ஒருகால் வெளிப்பட்டது. 2015 ஆம் ஆண்டு நவம்பர் 19 ஆம் நாள் மாலை, முகமூடியணிந்து ஆயுதந்தாங்கிய மூவர் புகுந்து, பிசனெல்லோ, மந்தேனியா, திந்தொரெத்தோ, ரூபென்ஸ் முதலியோரின் படைப்புகள் உட்படப் பதினேழு ஓவியங்களைக் கவர்ந்துசென்றனர். 2016 மே மாதத்தில் அவை உக்கிரேன் நாட்டில், மொல்டோவா எல்லையின் அருகே கண்டெடுக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் வெரோனாவுக்கு மீண்டன.

ஸ்கார்ப்பா 1978 இல் யப்பானிய நகராகிய செண்டாயிற் படிகளில் வீழ்ந்து இறந்தார். கஸ்தெல்வெக்கியோவிற்காக அவர் வரைந்த நூற்றுக்கணக்கான வரைபடங்கள் அந்நூதனசாலையிலேயே பேணப்பட்டு வருகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள் படிந்த அத்தாள்களில், கன்கிரான்டேயின் குதிரை ஓரிடத்தில் நில்லாது இடம்மாறி நிற்பதைக் காணலாம்.